டிஸ்கஸோடு யாரைச் சேர்ப்பது? செடித் தொட்டிக்கான துணைமீன்கள்: ஓர் ஒப்பீடு

நான்கடித் தொட்டியில் செடிகள் வேர்பிடித்துவிட்டன. தட்டுபோல் அகன்ற உடல்கொண்ட அமேசான் மீனான டிஸ்கஸ் ஐந்தும் தீனி நேரத்தில் முன்கண்ணாடிக்கு வரப் பழகிவிட்டன. இனி இவற்றுக்கு நடுவே சிறுமீன் கூட்டம் ஒன்று ஓடினால் நன்றாக இருக்குமே என்று தோன்றுவது இயல்பு. சிங்கப்பூரின் சிராங்கூன் நார்த் அவென்யூ 1 மீன்கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினால் கார்டினல், ரம்மிநோஸ், ராம், ஏஞ்சல், கோரி, பிளெக்கோ எனப் பத்து வகை கண்ணில் படும். "எல்லாம் அமேசான் மீன்தானே, சேர்ந்து இருக்கும்" என்ற பதிலும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அமேசான் படுகை தென்னமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலம். அங்கே நிழலில் ஓடும் குளிர்ந்த ஓடையும் உண்டு, வெயிலில் 30 டிகிரியைத் தொடும் தேங்குநீரும் உண்டு. இரண்டிலும் வாழும் மீன்கள் வேறு வேறு.

குளிர்நாடுகளில் எழுதப்படும் துணைமீன் பட்டியல்களும் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. அங்கே டிஸ்கஸ் வளர்ப்பவர் ஹீட்டர் போட்டுத் தண்ணீரைச் சூடாக்குகிறார், அவருக்குச் சூடுதான் செலவு. சிங்கப்பூரில் சூடு இலவசம். துணைமீனுக்காகவோ செடிக்காகவோ தண்ணீரைக் குளிரவைக்க நினைத்தால்தான் மின்கட்டணம் ஏறும். அதனால் இங்கே தேர்வு, டிஸ்கஸ் விரும்பும் சூட்டில் வேறு யார் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்வார்கள் என்ற கேள்வியில் தொடங்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான நான்கடிச் செடித் தொட்டிகளுக்கு நடுமட்டத்தில் ஒரே வகைக் கூட்டமும் (ரம்மிநோஸ் அல்லது கார்டினல்), அடித்தளத்தில் ஒரே வகைக் கூட்டமும் (ஸ்டெர்பாய் கோரி) போதும். மூன்றாவது வகை வேண்டுமென்றால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே.

## எதை வைத்து அளப்பது

வெப்பம். ஏர்கான் ஓடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் தொட்டித் தண்ணீர் பொதுவாக 28 முதல் 30 டிகிரியில் நிற்கும். டிஸ்கஸுக்கு இதுவே உகந்த சூடு. துணைமீன் இதே சூட்டில் மூன்று நாள் தாக்குப்பிடித்தால் போதாது, மூன்று ஆண்டு வாழ வேண்டும். குளிர்நீர் மீனைச் சூட்டில் வைத்தால் உடனே சாகாது. அதன் உடல் வேகமாக இயங்கும், அதிகம் தின்னும், அதிகம் மூச்சுவாங்கும், எளிதில் நோய்ப்பட்டு ஆயுள் குறைந்து போகும். "நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்று கேட்க வைக்கும் சாவுகள் பல இப்படிப்பட்டவை.

சூட்டோடு ஆக்சிஜனும் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். செடித் தொட்டியில் இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், செடிகளுக்காகச் செலுத்தும் சிஓ2 (கரியமில) வாயு ஓடினால் நெருக்கடி இன்னும் கூடும். காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிஸ்கஸ் இருக்கும் தொட்டியில் சிஓ2-வை 15 முதல் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் நிறுத்துங்கள். விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவை மூடி, இரவில் காற்றுக்கல் ஓடவிடுங்கள்.

தீனி வேகம். டிஸ்கஸ் மெதுவாகத் தின்னும். தீனியை வாயில் எடுக்கும், துப்பும், மணலை ஊதிப் பார்க்கும், மறுபடி எடுக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் சுறுசுறுப்பான துணைமீன்கள் உறைந்த பிளட்வார்ம் (சிவப்புப் புழுத் தீனி) முழுவதையும் முடித்துவிட்டால், டிஸ்கஸ் கண்ணெதிரே மெலியும். நெற்றி ஒட்டி, முகம் கத்திபோல் ஆவது பட்டினியின் அடையாளம். அதைக் குடற்புழு என்று நினைத்து மருந்து கொட்டுவோர் உண்டு.

வாய் அளவு. 15 செ.மீ. டிஸ்கஸின் வாய் சிறியதுதான். ஆனாலும் 2 செ.மீ. மீன்குஞ்சு உள்ளே போய்விடும். துணைமீன் 3 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

நோய். துணைமீனின் உண்மையான விலை கடையில் கொடுக்கும் வெள்ளியோடு முடிவதில்லை. செவுள் புழு, குடலைத் தாக்கும் ஹெக்சாமிட்டா, நூல்போன்ற குடற்புழு ஆகியவற்றைத் தனக்கு ஒன்றும் ஆகாமலே சுமந்துவந்து டிஸ்கஸுக்குக் கொடுக்கும் மீன்கள் உண்டு. சிறிய தனித்தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், நான்கு முதல் ஆறு வாரக் காத்திருப்பு, மருந்து ஆகியவையும் அந்த மீனின் விலைதான்.

சிகிச்சையைத் தாங்குமா. இதைப் பலரும் யோசிப்பதில்லை. டிஸ்கஸ் மட்டும் இருக்கும் தொட்டியில் வெண்புள்ளி நோய் வந்தால் சூட்டை 32 டிகிரிக்கு ஏற்றலாம், உப்புப் போடலாம். கோரியும் டெட்ராவும் இருந்தால் இரண்டிலும் கை கட்டப்பட்டுவிடும். செம்பு கலந்த மருந்தும் மாலகைட் க்ரீனும் கோரிக்கு ஆகாது. செடிகளும் உப்பைத் தாங்கா. வகை கூடக்கூட, நோய் வந்தால் செய்யக்கூடியது குறைந்துகொண்டே போகும்.

## அதற்கு முன் இடக்கணக்கு

120 × 45 × 50 செ.மீ. தொட்டி ஏட்டளவில் 270 லிட்டர். மண், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 220 முதல் 230 லிட்டர்தான் மிஞ்சும். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் என்று கொண்டால் ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு. அதாவது, துணைமீன் வாங்குமுன்பே தொட்டி நிறைந்துவிட்டது.

இடம் பண்ணுவதற்காக டிஸ்கஸை மூன்றாகக் குறைக்காதீர்கள். மூன்று இருந்தால் வலியது ஒன்று மெலிந்த ஒன்றையே துரத்திக்கொண்டிருக்கும். ஐந்தாறு இருந்தால்தான் அந்த அடி எல்லார்மேலும் பரவி யாரையும் சாய்க்காமல் போகும். சிறுமீன்களுக்கான இடத்தைப் பெரிய கேனிஸ்டர் ஃபில்டராலும், வாரம் இருமுறை 25 முதல் 30 விழுக்காடு தண்ணீர் மாற்றுவதாலும்தான் ஈட்ட வேண்டும்.

தண்ணீர் மாற்றுவதில் ஒரு எச்சரிக்கை. நம் குழாய்த் தண்ணீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்ப்பது குளோரமைன். வாளியில் ஓர் இரவு வைத்தால் அது போகாது. மலிவான ஆன்டி-குளோரின் சொட்டுமருந்து குளோரினை மட்டும் உடைத்து, அமோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். 28 டிகிரியில் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 6.5 என்றால் அந்த அமோனியாவில் நஞ்சான பங்கு 0.2 விழுக்காடு அளவுதான். பிஎச் 8 என்றால் 6 விழுக்காட்டைத் தாண்டும், ஏறத்தாழ முப்பது மடங்கு. அமில மண்ணும் (பிஎச்சைக் குறைக்கும் செடிமண்) சிஓ2-வும் உள்ள தொட்டியில் ஒரேயடியாகப் பாதிக்குமேல் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பிஎச் எகிறி, அமோனியாவும் அதே நேரத்தில் கடிக்கும். அமோனியாவையும் கட்டிப்போடும் தண்ணீர்க் கண்டிஷனர் மருந்தை வாங்குங்கள். அளவைத் தொட்டி முழுமைக்கும் கணக்கிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| துணைமீன் | 29 டிகிரியில் | தீனிப் போட்டி | நோய் அபாயம் | செடிகளுக்கு | நான்கடித் தொட்டியில் |
|---|---|---|---|---|---|
| ரம்மிநோஸ் டெட்ரா | நலம் | நடுத்தரம் | நடுத்தரம் | தீங்கில்லை | 15–20 |
| கார்டினல் டெட்ரா | நலம் | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | தீங்கில்லை | 20–25 |
| ஸ்டெர்பாய் கோரி | நலம் | தரையில் அதிகம் | குறைவு | வேர்பிடிக்காத செடியைப் பிடுங்கும் | 6–8 |
| நீல ராம் | மிக நலம் | குறைவு | அதிகம் | தீங்கில்லை | ஒரு ஜோடி |
| பிரிசில்நோஸ் பிளெக்கோ | தாங்கும் | இரவில் மட்டும் | குறைவு | அமேசான் வாள்செடி இலையைச் சுரண்டும் | 1 |
| ஏஞ்சல் | நலம் | மிக அதிகம் | மிக அதிகம் | தீங்கில்லை | வேண்டாம் |
| க்ளவுன் லோச் | நலம் | மிக அதிகம் | நடுத்தரம் | தோண்டும் | வேண்டாம் |
| அமானோ இறால் | ஆகாது | குறைவு | குறைவு | பாசி தின்னும் | வேண்டாம் |

## ரம்மிநோஸ்: தொட்டியின் நிலையைச் சொல்லும் மீன்

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் கைகாட்டுவேன். 5 செ.மீ. வரை வளரும், 29 டிகிரியில் சோர்வதில்லை, டிஸ்கஸின் வாய்க்குள் போகாது. மற்ற டெட்ராக்கள் சில வாரங்களில் பயம் தெளிந்து சிதறிவிடும். இது கடைசிவரை ஒன்றாகத் திரும்பும், ஒன்றாக நிற்கும். அந்த அமைதியான கூட்டம் முன்னால் உலவினால் டிஸ்கஸும் வெளியே வரத் தயங்காது.

இதன் பெரிய பயன் மூக்குச் சிவப்பு. தண்ணீர் கெட்டாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ அந்தச் சிவப்பு வெளிறிவிடும். சாதாரண டிஸ்கஸுக்கு மன அழுத்தம் வந்தால் உடலில் கறுப்புப் பட்டைகள் தெரியும், அதைப் பார்த்தே நிலைமை புரியும். ஆனால் இங்கே பலர் விரும்பி வாங்கும் பிஜன் பிளட் வழி வந்த ரகங்களுக்கு அந்தப் பட்டைகளே கிடையாது. அவை கடைசிவரை ஒன்றும் காட்டிக்கொள்ளாது. அத்தகைய ரகம் வைத்திருப்போர் ரம்மிநோஸைத் தாராளமாக நம்பலாம். காலையில் விளக்கு போட்டுப் பத்து நிமிடம் கழித்து மூக்கைப் பாருங்கள். பாதிக்குமேல் வெளிறியிருந்தால் அன்றைக்கே அமோனியா, நைட்ரைட் சோதனை செய்யுங்கள். விளக்கு போட்டவுடன் பார்க்கக் கூடாது. இருட்டிலிருந்து வரும்போது எல்லா மூக்கும் வெளிறித்தான் இருக்கும்.

மறைசெலவு: வாங்கிய முதல் வாரம் இவை எளிதில் சாகும். பிஎச் வேறுபாட்டைத் தாங்காததே பெரும்பாலும் காரணம். கடைத் தொட்டியிலேயே சிவந்த மூக்கோடு தீனி தின்னும் கூட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். பைத் தண்ணீரோடு தனித்தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் துளித்துளியாகக் கலந்து பழக்குங்கள்.

## கார்டினல்: அழகில் முதலிடம், தனிமைப்படுத்தலில் கூடுதல் கவனம்

பச்சைச் செடிக்கு முன்னால் நீலமும் சிவப்புமாகக் கார்டினல் கூட்டம் ஓடுவதற்கு ஈடான காட்சி நன்னீர்த் தொட்டியில் குறைவு. ரியோ நீக்ரோ, ஒரினோக்கோ பகுதிகளின் வெதுவெதுப்பான கருநீரில் (தேநீர் நிறம்கொண்ட அமிலநீரில்) வாழும் மீன் இது. ரியோ நீக்ரோவில் ஹெக்கல் என்ற காட்டு டிஸ்கஸும் உண்டு என்பதால் இந்தக் கூட்டணி இயற்கையிலேயே அமைந்தது. அந்த ஆற்றங்கரையில் உள்ள பார்சிலோஸ் என்ற பிரேசில் ஊரில் நடக்கும் அலங்கார மீன் விழாவில் மோதும் இரண்டு அணிகளும் கார்டினல், டிஸ்கஸ் பெயர்களைத்தான் சூட்டிக்கொண்டிருக்கின்றன.

கவனிக்க வேண்டிய குழப்பம் ஒன்று. நியான் டெட்ரா வேறு, கார்டினல் வேறு. கார்டினலின் சிவப்பு செவுளிலிருந்து வால்வரை ஓடும். நியானின் சிவப்பு உடலின் பின்பாதியில் மட்டும் இருக்கும். நியான் குளிர்ந்த நீரை விரும்பும் மீன், 29 டிகிரியில் சில மாதங்களில் ஒவ்வொன்றாக மறையும். விலை குறைவு என்று நியானை வாங்கினால் அதே பணத்தை இரண்டு முறை செலவழிக்க வேண்டிவரும். பச்சை நியான் எனப்படும் மூன்றாவது வகை சூட்டைத் தாங்கும். ஆனால் அளவில் மிகச் சிறியது, வளர்ந்த டிஸ்கஸுக்கு இரையாகும்.

கார்டினல்களில் பல காட்டில் பிடித்தவை. பிடித்த இடத்திலிருந்து கடைவரை பல கைமாறி, பசியும் களைப்புமாக வந்து சேர்கின்றன. தனித்தொட்டியில் முதல் பத்து நாளில் சில இறக்கலாம், அதனால் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக வாங்குவது வழக்கம். பிரதான தொட்டியிலேயே நேராக விட்டால் அந்தச் சாவுகள் செடிகளுக்குள் நடக்கும், கண்ணில் படாது, உடல்கள் அழுகி அமோனியாவாகும்.

ரம்மிநோஸா, கார்டினலா என்று தயங்குவோருக்கு: டிஸ்கஸ் சிவப்பு, ஆரஞ்சு நிறமென்றால் கார்டினலின் நீலம் எடுத்துக்காட்டும். டிஸ்கஸே நீல டர்க்காய்ஸ் ரகம் என்றால் ரம்மிநோஸின் வெள்ளி உடல் போட்டி போடாது. டிஸ்கஸ் 12 செ.மீ. அளவில் இன்னும் முழுதாக வளராமல் இருந்தால் சாதுவான கார்டினல் நல்லது, ஏனென்றால் ரம்மிநோஸ் தீனிக்குச் சற்று வேகமாகப் பாயும். இரண்டையும் பாதிப் பாதியாக வாங்கினால் எதுவுமே கூட்டமாகத் தெரியாது.

மலாயாத் தீபகற்பத்து மீனான ஹார்லிக்வின் ராஸ்போராவும் மென்மையான அமிலநீரில் நன்றாக இருக்கும், கடைகளில் எளிதில் கிடைக்கும். 28 டிகிரிக்குள் நிற்கும் தொட்டியென்றால் கேட்டுப்பார்க்கலாம். 30 தொடும் தொட்டிக்கு வேண்டாம்.

## ஸ்டெர்பாய் கோரி: தரையில் நல்ல துணை, தீனியில் நேர்ப் போட்டி

கோரி எல்லாமே ஒன்று என்று நினைத்துப் பாண்டாவையோ புள்ளிக் கோரியையோ வாங்குவதுதான் வழக்கமான பிழை. அவை குளிர்நீர் மீன்கள். சூட்டைத் தாங்கி டிஸ்கஸோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வது ஸ்டெர்பாய். அடையாளம் எளிது: கருந்தலையில் வெண்புள்ளிகள், மார்புத் துடுப்பின் முன்முள் ஆரஞ்சு நிறம். வெண்தலையில் கரும்புள்ளி இருந்தால் அது வேறு வகை.

பிளட்வார்ம் மணலில் விழுந்தால் கோரி முகர்ந்து எடுத்துவிடும். டிஸ்கஸும் தரையில் ஊதித் தின்னும் பழக்கமுடையது என்பதால் இங்கே நேரடிப் போட்டி. தீர்வு தீனி முறையில் இருக்கிறது. சிறு குருணையை ஒரு மூலையில் தூவி டெட்ராக்களை அங்கே இழுங்கள். அரை நிமிடம் கழித்து எதிர்மூலையில், தண்ணீர் மட்டத்தில் பொருத்திய தீனிக்கூம்பில் டிஸ்கஸுக்குப் பிளட்வார்ம் போடுங்கள். கோரிக்கு விளக்கு அணைந்து அரை மணி கழித்து மூழ்கும் வில்லை, ஆறு மீனுக்கு இரண்டு. மீதத்தை மட்டும் தின்று கோரி வாழும் என்று விட்டுவிட்டால் அது மெலியும், அல்லது டிஸ்கஸின் பங்கைத் தின்னும்.

தீனியைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்கஸ் வட்டாரத்தில் மாட்டு இதயக் கலவை பெரிதாகப் பேசப்படும். மாட்டிறைச்சி வீட்டுக்குள் வராத குடும்பங்கள் அதனால் தயங்க வேண்டியதில்லை. ஈரச்சந்தையில் வாங்கிய இறாலையும் கொழுப்பில்லாத வெள்ளை மீன் சதையையும் அரைத்து, கொஞ்சம் பசலைக்கீரை சேர்த்து, மெல்லிய தகடாக உறையவைத்தால் அதே வேலை நடக்கும். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நோய் அதன் வழியாக வரும்.

கோரிக்கு மென்மணல் வேண்டும். கூரான சரளை அதன் மீசையைத் தேய்த்துவிடும். தொட்டி முழுவதும் அமில மண் என்றால் முன்பக்கம் இரண்டு கை அகலத்துக்கு மெல்லிய மணல் பரப்புங்கள். அங்கேதான் டிஸ்கஸுக்கும் கோரிக்கும் தீனி விழ வேண்டும், மீதத்தை உறிஞ்சி எடுக்கவும் அது வசதி. வெளிர் மணலால் இன்னொரு நன்மை: கருமண்மேல் வாழும் பிஜன் பிளட் ரகங்களில் மிளகுத்தூள்போல் கறுப்புப் புள்ளிகள் கூடும், வெளிர் தரையில் அவை அடங்கியிருக்கும். கோரியை வலையால் பிடிக்காதீர்கள், துடுப்பு முள் வலையில் மாட்டும், கையில் குத்தினால் கடுக்கும். கிண்ணத்தில் மொண்டெடுங்கள்.

## நீல ராம்: சூட்டுக்கு ஏற்றது, ஆயுளுக்கு உறுதியில்லை

வெப்பம் ஒன்றை மட்டும் பார்த்தால் ராம்தான் முதல். 27 முதல் 30 டிகிரியை அது விரும்புகிறது. டிஸ்கஸைத் தொந்தரவு செய்யும் அளவுக்கு உடலும் இல்லை. ஆனால் இதுவும் டிஸ்கஸைப் போல சிக்லிட் குடும்பம், எனவே குடல் ஒட்டுண்ணிகள் இரண்டுக்கும் எளிதில் தாவும். தனிமைப்படுத்தலில் வெண்ணிற நூல்போல் மலம் தெரிந்தால் மெட்ரோனிடசோல் சிகிச்சை முடிக்காமல் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். நிறம் கூட்டி விற்கப்படும் மீன்கள் வாங்கிய சில மாதத்தில் போய்விடுவதும் உண்டு, நன்றாக வளர்ந்தாலும் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுதான்.

ஒரு ஜோடிக்கு மேல் வைத்தால் முட்டையிடும் காலத்தில் தட்டையான கல்லைச் சுற்றி எல்லைச் சண்டை வரும். நீரைச் சுத்தமாக வைத்திருக்கும் ஒழுக்கமும், வண்ணத்துக்காக அடிக்கடி மீன் மாற்றத் தயாரான மனமும் இருந்தால் ராம் பொருந்தும். கோரியோடு ராமையும் வைக்க நினைத்தால் யோசியுங்கள், ராமின் முட்டையை இரவில் கோரி தின்றுவிடும், ராம் பகல் முழுவதும் கோரியைத் துரத்தும்.

## பாசி தின்னிகள்: உதவிக்கு வந்து காயம் செய்பவை

செடித் தொட்டியில் பாசி வந்ததும் முதலில் தோன்றுவது ஒரு பிளெக்கோ வாங்கலாம் என்பதுதான். சாதாரண பிளெக்கோ 30 செ.மீ.யைத் தாண்டும். பசித்தால் இரவில் உறங்கும் டிஸ்கஸின் பக்கவாட்டில் ஒட்டி உடற்கோழையைச் சுரண்டும். டிஸ்கஸ் தன் குஞ்சுகளுக்கே ஊட்டும் அந்தச் சத்தான கோழை, பிளெக்கோவுக்கும் பிடித்துப்போகிறது. ஒருமுறை ருசி கண்டால் விடாது. காலையில் டிஸ்கஸின் மேல் வட்டமான வெளிறிய திட்டு தெரிந்தால் இதுதான் காரணம். சைனீஸ் ஆல்கே ஈட்டர் என விற்கப்படும் மீன் இதில் இன்னும் மோசம். சயாமீஸ் ஆல்கே ஈட்டர் இளமையில் பாசி தின்னும், பெரிதானபின் பாசியை விட்டு மீன்தீனிக்குத் தாவும்.

வேண்டுமென்றால் ஒரே ஒரு பிரிசில்நோஸ். பொதுவாக 15 செ.மீ.க்குள் நிற்கும். ஒதுங்க மரக்கட்டை ஒன்றும், வாரம் இருமுறை இரவில் வெள்ளரித் துண்டும் கொடுங்கள். பசி தீர்ந்தால் அது டிஸ்கஸைத் தேடாது. அமேசான் வாள்செடியின் அகல இலைகளை மட்டும் அது சுரண்டி ஓட்டையாக்கும், அனுபியாஸ் போன்ற தடித்த இலைச் செடிகள் தப்பிக்கும். ஓட்டோசிங்க்லஸ் சிறியது, சாது, ஆனால் இந்தச் சூட்டில் மெல்ல மெல்லக் குறையும். அமானோ இறாலும் அப்படியே. செர்ரி இறால் டிஸ்கஸுக்குத் தின்பண்டம்.

பாசிக்கு உண்மையான மருந்து விளக்கு நேரத்தை ஆறு மணியாக்குவதும், தீனி மீதத்தை எடுப்பதும்தான். மீன் வாங்கித் தீர்க்க நினைத்தால் இன்னொரு வாய்க்குத் தீனி கூடும், பாசியும் கூடும்.

## ஏஞ்சல்: தயக்கத்துக்குரிய அழகு

ஏஞ்சலும் டிஸ்கஸும் உருவத்தில் உறவு போலவே இருக்கும், சூடும் ஒத்துப்போகும். ஆனாலும் நான்கடித் தொட்டியில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் காரணம் நோய். டிஸ்கஸைத் தாக்கும் குடல், செவுள் ஒட்டுண்ணிகளை ஏஞ்சல் வெளியே தெரியாமல் சுமக்கும். இரண்டாவது வேகம். தீனி விழுந்த நொடியில் ஏஞ்சல் அங்கே இருக்கும், டிஸ்கஸ் யோசித்து முடிக்குமுன் பாதி போயிருக்கும். மூன்றாவது, ஜோடி சேர்ந்துவிட்டால் தொட்டியின் பாதி அதன் எல்லை. நான்காவது, வளர்ந்த ஏஞ்சலுக்குக் கார்டினல் இரை. உங்கள் சிறுமீன் கூட்டம் இரவோடு இரவாகக் குறையும்.

விதிவிலக்கு உண்டு. ஆறடிக்குக் குறையாத, உயரம் 60 செ.மீ.க்கு மேற்பட்ட தொட்டியில், டிஸ்கஸ் வளர்ந்து நிலைபெற்றபின், சிறுவயது ஏஞ்சல் சிலவற்றை இரண்டு மாதம் தனிமைப்படுத்திச் சேர்க்கலாம். அந்தத் தொட்டியில் கார்டினல் இருக்கக் கூடாது.

க்ளவுன் லோச் பற்றிச் சுருக்கமாக: சூடு ஒத்துவரும், நோய்க்கும் சமாளிக்கலாம். ஆனால் கடையில் 5 செ.மீ. இருப்பது 20 செ.மீ.யைத் தாண்டி வளரும், ஐந்தாறாகத்தான் வாழும், தீனிக்கு முரட்டுத்தனமாகப் பாயும். நாலறை வீட்டின் கூடத்துக்குள் அதற்கான தொட்டி அடங்காது.

## யாருக்கு எது

ஏர்கான் போடாத கூடத்தில், 29 டிகிரித் தொட்டி, வளர்ந்த டிஸ்கஸ் ஐந்து: ரம்மிநோஸ் 15, ஸ்டெர்பாய் 6. இதற்குமேல் தேட வேண்டியதில்லை.

இரவெல்லாம் ஏர்கான் ஓடும் படுக்கையறை: தண்ணீர் 26-க்கு இறங்கி பகலில் ஏறும். அந்த ஏற்ற இறக்கம்தான் வெண்புள்ளி நோயை அழைக்கும். 300 வாட் ஹீட்டரை 28-இல் நிறுத்துங்கள். 28 டிகிரியில் நிலையாக நின்றால் கார்டினலும் ஹார்லிக்வினும் நல்ல தேர்வு, செடி வகைகளிலும் கொஞ்சம் தாராளம் கிடைக்கும்.

10 செ.மீ.க்குக் கீழ்ப்பட்ட குட்டி டிஸ்கஸ்: துணைமீனே வேண்டாம், செடித் தொட்டியும் வேண்டாம். நாளுக்கு நாலைந்து தீனி, தினமும் தண்ணீர் மாற்றம் என்று அதை வெறுந்தரைத் தொட்டியில் 12 செ.மீ.வரை வளர்த்தபின் செடிகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள். செடித் தொட்டியில் வளர்த்த குட்டி, கண் பெரிதாக உடல் சிறியதாக நின்றுவிடுவதை அடிக்கடி காணலாம்.

ஜோடி சேர்ந்து முட்டையிடும் டிஸ்கஸிடம் குஞ்சு எடுக்க ஆசையிருந்தால், கோரியும் பிளெக்கோவும் இரவில் முட்டையைத் தின்னும். ஜோடியைத் தனித்தொட்டிக்கு மாற்றுவதுதான் வழி.

## சேர்க்கும் முறை

புதுத்தொட்டியில் அமில மண் முதல் சில வாரங்கள் அமோனியாவைக் கசியவிடும். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகும்வரை எந்த மீனும் வேண்டாம். பிறகு முதலில் போக வேண்டியது டெட்ராக் கூட்டம். காலியான தொட்டியைக் கண்டால் டிஸ்கஸ் மிரளும், சிறுமீன்கள் நிம்மதியாக உலவுவதைக் கண்டால் அதுவும் தெளியும். டிஸ்கஸ் ஏற்கெனவே இருக்கும் தொட்டியென்றால் புதியவற்றுக்குத் தனித்தொட்டி கட்டாயம்.

40 லிட்டர் தனித்தொட்டி, பிரதான ஃபில்டரில் சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச், ஒதுங்க ஒரு பிவிசி குழாய் போதும். செவுள் புழுவுக்குப் பிராசிக்வான்டல், இடைவெளி விட்டு இரண்டு முறை. நான்காவது வாரம் உங்கள் டிஸ்கஸில் திடமான ஒன்றை அந்தத் தொட்டிக்குள் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். அது கறுத்தாலோ, ஒரு செவுளால் மட்டும் மூச்சு விட்டாலோ, தீனியை விட்டாலோ, நோய் ஐந்துக்குப் பதில் ஒன்றிடம்தான் வந்திருக்கிறது, அங்கேயே சிகிச்சை தரலாம். தனித்தொட்டிக்குத் தனி வலை, தனிக் குழாய். ஈரக் கையோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாதீர்கள்.

மாற்றும் நாளில் விளக்கை அணைத்து, மாலையில் விடுங்கள். தனித்தொட்டித் தண்ணீர் பிரதான தொட்டிக்குள் போகக் கூடாது. அடுத்த இரண்டு வாரம் டிஸ்கஸின் நெற்றியையும் மலத்தையும் கவனியுங்கள்: கருநிறம் அல்லது தீனி நிறம் என்றால் நலம், வெளிறிய நூல்போல் இழுத்தால் உடனே பிரித்தெடுங்கள்.

ஒத்துவராத மீனை என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே கேட்டுவையுங்கள். சில கடைகள் திரும்ப எடுத்துக்கொள்ளும், மீன் வளர்ப்போர் குழுக்களில் இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ கால்வாயிலோ விடுவது சட்டப்படி குற்றம். கைமீறி வளர்ந்த பிளெக்கோவையும் க்ளவுன் லோச்சையும் வைத்துத்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுகிறது, அவற்றைக் குட்டியாக வாங்குமுன் எடுத்துக்கொள்ள ஓர் இடத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.